பாப்கேட் ஓட்டப் பழகும் புதியவருக்கு: காலைச் சோதனை முதல் லாரியில் ஏற்றிக் கட்டுவது வரை

மனைப் பிரிவில் மண் நிரவுவது, குறுகலான சந்துக்குள் ஜல்லி கொண்டுசேர்ப்பது, கோழிப்பண்ணைக் கொட்டகையில் எரு வாருவது என்று ஜேசிபி நுழைய முடியாத இடத்து வேலைகளுக்கெல்லாம் வருகிற சின்ன வண்டி ஸ்கிட் ஸ்டியர் லோடர். எந்தக் கம்பெனி வண்டியானாலும் சைட்டில் அதற்குப் பெயர் பாப்கேட்தான். இந்த வண்டி பிறந்ததே ஒரு பண்ணைக்காகத்தான். 1957-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காகக் கெல்லர் சகோதரர்கள் இருவர் செய்துகொடுத்த மூன்று சக்கர வண்டியிலிருந்து வளர்ந்தது இது.

ஆள் உயரத்துக்கு நிற்பதால் இது சாதுவான வண்டி என்று தோன்றும். நடுத்தர அளவு வண்டியே 2,500 முதல் 3,000 கிலோ எடை இருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளியோ சுமார் 1 மீட்டர்தான். இவ்வளவு எடை இவ்வளவு குட்டையான அடித்தளத்தில் நிற்பதால், எடை கொஞ்சம் இடம் மாறினாலும் வண்டி முன்னாலோ பின்னாலோ தூக்கிக்கொள்ளும். அதோடு ஆபரேட்டர் உட்காருவது இரண்டு தூக்கும் கைகளுக்கு நடுவில்; ஏறுவதும் இறங்குவதும் பக்கெட்டைத் தாண்டித்தான். ஆகவே ஓட்டும்போது எந்த நொடியிலும் இரண்டு கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்: இப்போது எடை எந்தப் பக்கம் இருக்கிறது? கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

காலையில் சாவி போடுவதற்கு முன்

வண்டி சமதளத்தில், பக்கெட் தரையில் படிந்து, இன்ஜின் ஆறிய நிலையில் இருக்க வேண்டும். இந்த நிலையில்தான் எண்ணெய் அளவுகள் சரியாகத் தெரியும். பின்கதவைத் திறந்து ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள்; இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். கூலண்ட் அளவை வெளியே இருக்கும் டப்பாவிலேயே பார்த்துக்கொள்ளலாம், ரேடியேட்டர் மூடியைத் திறக்கத் தேவையில்லை. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் நேராக முகத்தில் அடிக்கும்.

ஹைட்ராலிக் ஆயிலைப் பார்க்கச் சிறு கண்ணாடி ஒன்று இருக்கும். கை தூக்கியிருந்தால் ஆயிலில் ஒரு பகுதி சைலண்டருக்குள் போயிருக்கும், கண்ணாடியில் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஆயில் ஊற்றிவிட்டு, பிறகு கையை இறக்கும்போது பொங்கி வழிவதைப் பார்த்து விழிப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கை முழுதாகக் கீழே இருக்கட்டும்.

டீசல் பில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் சிறு திருகு இருக்கும். அடியில் ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்துத் திருகைத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தால் டம்ளரின் அடியில் தனியாகத் தங்கும், மேலே டீசல் மிதக்கும். வெறும் டீசல் வரும்வரை வடித்துவிட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் இதை ஒருநாளும் விடக்கூடாது.

பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே காற்று. வீல் நட்டைச் சுற்றித் துருப்பொடிக் கோடு தெரிந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஹோஸ் பைப்புகளில் ஈரம், உரசல், உள்கம்பி வெளியே தெரிவது ஆகியவற்றைப் பாருங்கள். வண்டிக்கு அடியிலும் ஒரு பார்வை போடுங்கள். ராத்திரி சொட்டிய ஆயில் தரையில் வட்டமாகத் தெரியும். சைட்டில் நிழலுக்காக வண்டிக்கு அடியில் படுக்கும் நாயும், விளையாடும் குழந்தையும் அங்கேதான் இருப்பார்கள்.

கடைசியாகப் பக்கெட் பூட்டு. பக்கெட்டை வண்டியோடு பிடித்திருப்பது இரண்டு பக்கமும் உள்ள இரண்டு ஆப்புகள்தான். மேலே உள்ள இரண்டு லிவரும் முழுதாக மடங்கியிருந்தால் மட்டும் போதாது. குனிந்து பக்கெட்டின் கீழ்த் துளை வழியாக ஆப்பின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். துளையில் ஜல்லியோ காய்ந்த மண்ணோ அடைத்திருந்தால் லிவர் மடங்கும், ஆப்பு இறங்காது. அப்படிப்பட்ட பக்கெட் தூக்கும்போது ஒன்றும் தெரியாது. மேலே போய்க் கவிழ்க்கும்போதுதான் கழன்று விழும்.

ஏறுவதும், பூட்டைச் சோதிப்பதும்

வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்குமாறு ஏறுங்கள். ஓட்டும் லிவர்களைப் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், கைப்பிடிகள் தனியாக இருக்கின்றன. உட்கார்ந்ததும் பெல்ட் போட்டு, மடிக்குமேல் வரும் பாரை இறக்குங்கள். அதன்பிறகுதான் சாவி.

இந்தப் பாரும் சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சும் சேர்ந்ததுதான் உங்கள் உயிர்ப் பூட்டு. பார் மேலே இருந்தாலும், சீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் கையும் பக்கெட்டும் அசையக்கூடாது, சக்கரமும் நகரக்கூடாது. தினமும் திறந்த இடத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள்: இன்ஜின் ஐடிலில் இருக்க, கையை ஒரு அடி தூக்குங்கள், பாரை மேலே தூக்கிவிட்டு, பெடலையும் லிவரையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எதுவும் அசையாவிட்டால் பூட்டு நன்றாக இருக்கிறது. அசைந்தால் அன்றைக்கு வண்டி வேலைக்குப் போகக்கூடாது.

சில வண்டிகளில் சீட் சுவிட்ச் அடிக்கடி தகராறு செய்கிறது என்று இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். சுவிட்சில் தூசி அடைவதும், எலி வயரைக் கடிப்பதும்தான் பெரும்பாலும் காரணம். துடைத்தோ மாற்றியோ சரிசெய்துவிடலாம். முறுக்கிய வயரோடு ஓடும் வண்டியில், இறங்கும்போது கால் பெடலில் பட்டால் கை இறங்கும். இறங்குகிறவரின் உடம்பு அப்போது கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும். இந்த வண்டியில் ஆட்கள் நசுங்கிச் சாவது இப்படித்தான். வயர் முறுக்கிய வண்டியை முதலாளி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

லிவரும் பெடலும்

பழைய முறையில் இரண்டு லிவர், இரண்டு பெடல். இடது லிவர் இடப்பக்கச் சக்கரங்களுக்கு, வலது லிவர் வலப்பக்கச் சக்கரங்களுக்கு. இரண்டையும் முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இருந்தால் குறைவான பக்கம் திரும்பும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்றால் நின்ற இடத்திலேயே சுழலும். இடது பெடலில் குதிகாலை அழுத்தினால் கை உயரும், முன்பாதத்தை அழுத்தினால் இறங்கும். வலது பெடலில் முன்பாதம் பக்கெட்டைக் கவிழ்க்கும், குதிகால் உள்ளே சுருட்டும்.

புதிய வண்டிகளில் ஜாய்ஸ்டிக். அதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் இடது ஜாய்ஸ்டிக் முழுவதும் ஓட்டுவதற்கு, வலது ஜாய்ஸ்டிக் கைக்கும் பக்கெட்டுக்கும். இன்னொன்றில் ஒவ்வொரு ஜாய்ஸ்டிக்கும் தன் பக்கச் சக்கரத்தையும் ஓட்டும். அதோடு இடது ஜாய்ஸ்டிக் தூக்கும் கையையும், வலது ஜாய்ஸ்டிக் பக்கெட்டையும் இயக்கும். பல வண்டிகளில் ஒரே சுவிட்சில் இதை மாற்றிக்கொள்ளலாம். நேற்று வேறொருவர் ஓட்டியிருந்தால் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் லிவரைத் தொடாதீர்கள்.

ஸ்டார்ட் செய்ததும் 5 நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிறகு கையை இரண்டு முறை மெதுவாக ஏற்றி இறக்கி, பக்கெட்டை இரண்டு முறை சுருட்டி விரித்தால் ஆயில் எல்லாப் பைப்புக்கும் ஓடிச் சூடேறும். முதல் நாள் பயிற்சிக்கு மண் அள்ள வேண்டாம். காலி மைதானத்தில் நான்கு கல்லை வைத்து, பக்கெட் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் இருக்க, எட்டுப் போடுங்கள். பிறகு அதையே ரிவர்சில். விரல் நுனியால் ஓட்டுகிற அளவுக்கு லிவர் வசப்படும்வரை இதையே செய்யுங்கள். லிவரை வெடுக்கென்று இழுத்தால் வண்டி குதிக்கும், குதிப்பில் உங்கள் கை இன்னும் இழுக்கும், வண்டி மேலும் குதிக்கும். அப்படி ஆனால் லிவரை விட்டுவிடுங்கள். அது தானாக நடுவுக்கு வந்து வண்டி நின்றுவிடும்.

சிமென்ட் தரையில் நின்ற இடத்தில் சுழற்றுவதைத் தவிருங்கள். இந்த வண்டியின் சக்கரம் திரும்புவதில்லை, தரையில் தேய்த்துக்கொண்டுதான் வண்டி திரும்புகிறது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று மூன்று தடவையில் திருப்பினால் டயரும் பிழைக்கும், தரையும் பிழைக்கும்.

எவ்வளவு அள்ளலாம்

வண்டியின் தகட்டில் தூக்கும் திறன் எழுதியிருக்கும். அது வண்டி கவிழத் தொடங்கும் எடையில் டயர் வண்டிக்குப் பாதி, செயின் டிராக் வண்டிக்கு 35 சதவீதம். 1,600 கிலோவில் கவிழும் டயர் வண்டி என்றால் 800 கிலோதான் அதன் கணக்கு. மீதியும் நமக்குத்தான் என்று நினைக்கக் கூடாது. பள்ளம், சரிவு, திடீர் பிரேக் இதற்கெல்லாம் சேர்த்து ஒதுக்கிய இடைவெளி அது.

இப்போது பக்கெட் கணக்கு. 0.4 கனமீட்டர் பக்கெட்டில் உலர்ந்த மணல் தட்டையாக அள்ளினால், கனமீட்டருக்கு 1,600 கிலோ வீதம் 640 கிலோ. அதே மணல் மழையில் நனைந்து கனமீட்டருக்கு 2,000 கிலோவானால், அதே பக்கெட்டில் 800 கிலோ. குவித்து அள்ளினால் அதற்கும் மேல். நேற்று நன்றாகத் தூக்கிய வண்டி இன்றைக்குப் பின்சக்கரம் தூக்குகிறதென்றால் வண்டியில் கோளாறு தேட வேண்டாம்; மணலைப் பிடித்துப் பாருங்கள்.

பக்கெட்டுக்குப் பதிலாகப் போர்க் (முன்னால் நீட்டிய இரண்டு இரும்பு முட்கள்) மாட்டினால் சுமை இன்னும் முன்னால் தள்ளி நிற்கும். அதே எடைக்கே வண்டி சீக்கிரம் முன்னால் சாயும். கை வளைவாக உயரும் வண்டிகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கை பாதி உயரத்தில் இருக்கும்போதுதான் பக்கெட் மிகத் தள்ளி முன்னால் போயிருக்கும். கீழேயும் தூக்கியது, மேலேயும் நிற்கிறது, நடுவில் மட்டும் ஏன் ஆடுகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

மண் அள்ளும்போது பக்கெட் நுனியைத் தரையோடு தட்டையாக வைத்து, லேசாக மட்டும் கீழே சாய்த்து, நேராக உள்ளே போங்கள். மோதாதீர்கள். உள்ளே போகப் போகப் பக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே கொஞ்சம் கையைத் தூக்குங்கள். சக்கரம் சறுக்கத் தொடங்கினால் பக்கெட் அதிகமாகப் புதைந்திருக்கிறது. இன்னும் அழுத்தாமல் சிறிது சுருட்டுங்கள், விடுபடும். முன்சக்கரம் தூக்கும் அளவுக்குக் கையைத் தரையில் அழுத்தித் தோண்டுவது பின்களையும் (மூட்டுகளை இணைக்கும் இரும்புத் தண்டுகள்) சைலண்டரையும் சீக்கிரம் கெடுக்கும். கெட்டித்த செம்மண்ணைத் தோண்டும் வேலை ஜேசிபிக்கு உரியது. பாப்கேட் அள்ளுவதற்கும் சுமப்பதற்கும்.

சுமையோடு போகும்போது பக்கெட் தரையிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், உள்ளே சுருட்டி இருக்கட்டும். டிப்பருக்கு அருகில் போய் நேராக நின்ற பிறகுதான் கை உயர வேண்டும். தூக்கிய கையோடு திரும்பாதீர்கள். வேகத்தைக் குறைக்கும்போதும் லிவரை மெதுவாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுத்தர வண்டியில் பக்கெட்டைக் கையோடு இணைக்கும் பின் சுமார் 3 மீட்டர் உயரம் போகும். ஆனால் கவிழ்க்கும்போது பக்கெட்டின் நுனி சுமார் 2.3 மீட்டருக்கு இறங்கிவிடும். டிப்பரின் பக்கப்பலகை அதைவிட உயரமாக இருந்தால் மண்மேடு போட்டு ஏறிக் கொட்டுவதைவிடப் பின்பலகையைத் திறந்து கொட்டுவது நல்லது.

சரிவு

காலிப் பக்கெட்டோடு இருக்கும்போது வண்டியின் எடையில் சுமார் 70 சதவீதம் பின்சக்கரத்தில் இருக்கும். பக்கெட் நிறைந்தால் இது தலைகீழாகி முன்சக்கரத்துக்குப் போய்விடும். கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். ஆகவே காலி வண்டி மேட்டில் ரிவர்சில் ஏறும், முன்னால் பார்த்து இறங்கும். சுமை வண்டி முன்னால் பார்த்து ஏறும், ரிவர்சில் இறங்கும். காலி வண்டியை முன்னால் பார்த்து மேட்டில் ஏற்றினால் முகப்பு வானத்தைப் பார்த்துத் தூக்கி, வண்டி பின்னால் புரண்டுவிடும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டாதீர்கள், சரிவில் திரும்பாதீர்கள். கீழே இறங்கித் திரும்புங்கள்.

வண்டி சாயத் தொடங்கினால் வெளியே குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். கேபின் சட்டம் புரளும் எடையைத் தாங்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது. பெல்ட்டோடு உள்ளே இருப்பவர் பிழைப்பார். குதித்தவர்மேல் அதே சட்டம் விழும். கேபினில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் அந்தத் தாங்கும் பலத்தைக் கெடுத்துவிடும்.

பின்னால் ஆள், மேலே கம்பி

இந்த வண்டியில் பின்பார்வை மிகக் குறைவு. ஓர் ஆள் பின்சக்கரத்துக்கு அருகில் குனிந்தால் தெரியவே மாட்டார். ஹெல்பரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: வண்டியைச் சுற்றி 5 மீட்டருக்குள் யாரும் வரக்கூடாது, வர வேண்டுமானால் ஆபரேட்டரின் கண்ணைப் பார்த்துக் கை காட்டி, பக்கெட் தரையில் இறங்கிய பிறகுதான். ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை என்றால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. பக்கெட்டில் ஆளை ஏற்றிப் பல்பு மாட்டுவது, சுவருக்குப் பூச்சு வேலை செய்வது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஊருக்குள் வீட்டுக்கு வீடு போகும் சர்வீஸ் ஒயர், பக்கெட் உயரும் மட்டத்திலேயே தொங்கும். வேலை தொடங்குமுன் அண்ணாந்து பார்த்து, கம்பிக்குக் கீழே கொட்டாத மாதிரி டிப்பரை நிறுத்தச் சொல்லுங்கள். குறைந்தது 3 மீட்டர் விலகியிருங்கள், உயரழுத்தக் கம்பி என்றால் இன்னும் அதிகமாக. தப்பித்தவறிப் பட்டுவிட்டால் சீட்டிலேயே இருந்து வண்டியைக் கம்பியிலிருந்து விலக்குங்கள். விலக்க முடியாவிட்டால் மின்சாரம் நிறுத்தப்படும்வரை இறங்காதீர்கள், யாரையும் வண்டியைத் தொட விடாதீர்கள்.

நிறுத்துவது

சமதளத்தில் நிறுத்தி, கையை முழுதாக இறக்கி, பக்கெட்டைத் தரையில் தட்டையாக வையுங்கள். டர்போ உள்ள வண்டியை 3 நிமிடமாவது ஐடிலில் விட்டு ஆற வையுங்கள். பார்க்கிங் பிரேக், சாவி, பிறகு லிவர்களையும் பெடல்களையும் ஒருமுறை அசைத்து மிச்ச அழுத்தத்தை விடுவிப்பது, பிறகு பெல்ட், பார். சாவியை வண்டியில் விட்டுப் போகாதீர்கள். கை மேலே இருக்கும்போதே இன்ஜின் நின்றுவிட்டால், சீட்டில் உட்கார்ந்தபடியே பைபாஸ் குமிழைத் திருப்பி இழுத்துக் கையை மெல்ல இறக்கலாம். உங்கள் வண்டியில் அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையைத் தூக்கிவைத்து வேலை பார்க்க வேண்டியிருந்தால், வண்டியோடு வரும் தாங்கு கட்டை இல்லாமல் யாரும் அடியில் போகக்கூடாது. ஆபரேட்டர் சீட்டில் இருக்க, இன்னொருவர் வெளியிலிருந்து சைலண்டர் தண்டின்மேல் தாங்கு கட்டையை மாட்டிப் பின் போட வேண்டும். பிறகு கையை மெதுவாக இறக்கிக் கட்டையில் உட்கார வைத்து, இன்ஜினை நிறுத்த வேண்டும். மரக்கட்டை, ஜாக்கி, செங்கல் அடுக்கு எதுவும் இதற்குப் பதில் ஆகாது. ஹைட்ராலிக் ஆயில்தான் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஹோஸ் வெடித்தால் தலையை இழுக்க நேரம் இருக்காது.

கிரீஸ்

8 முதல் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அதாவது தினமும், கை, சைலண்டர், பக்கெட் பூட்டு ஆகியவற்றின் எல்லா நிப்பிளுக்கும் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை) கிரீஸ். லித்தியம் இபி 2 கிரீஸ் போதும். நிப்பிளை முதலில் துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் அதன்மேல் உள்ள மணலைத்தான் பின்னுக்குள் அடிக்கிறீர்கள். ஓரத்தில் பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி, அதன்பின் புதுக் கிரீஸின் நிறம் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அடிப்பது மேல். பின் சூடாக இருக்கும், கிரீஸ் நன்றாக உள்ளே போகும், ராத்திரி ஈரமும் உள்ளே இறங்காது. கிரீஸ் ஏறாத நிப்பிளை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். அடைத்த நிப்பிளைக் கழற்றி மாற்றுவது சில நிமிட வேலை. காய்ந்துபோன பின் தன் துளையை முட்டை வடிவத்துக்குத் தேய்த்துவிட்டால், கையையே கழற்றி, துளையை மறுபடி கடைந்து சரிசெய்யும் லைன் போரிங் போட வேண்டியிருக்கும்.

தூசி

நம் ஊர் வெயிலில் இந்த வண்டியைக் கொல்வது தூசிதான். ஏர் பில்டரை வாரா வாரம் கழற்றிக் கம்பிரசர் காற்றில் ஊதுவதைப் பராமரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதில்தான் இன்ஜின் கெடுகிறது. அழுத்தக் காற்று பில்டர் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்துக்குப் போகும். பில்டர் டப்பாவில் அடைப்பைக் காட்டும் குறி இருக்கும்; அது சிவப்புக்கு வந்த பிறகு வெளி பில்டரை மாற்றுங்கள். உள் பில்டரை வெளி பில்டர் மூன்று முறை மாறும்போது ஒருமுறை மாற்றினால் போதும். நடுவில் அதைத் தொடாதீர்கள். டப்பாவின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கை மட்டும் தினமும் பிதுக்கிவிடுங்கள். ஒரு பிடி தூசி கொட்டும்.

ரேடியேட்டரும் ஆயில் கூலரும் அப்படியல்ல, அவற்றைக் கம்பிரசரால் ஊதலாம், ஊத வேண்டும். காற்று நுழையும் திசைக்கு எதிராக, அதாவது உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். துடுப்புகள் மடங்காத தூரத்தில் பிடியுங்கள். கோழிப்பண்ணை, அரிசி ஆலை, தேங்காய்நார் களம் போன்ற இடங்களில் இதை ஒரே நாளில் இரண்டு முறைகூடச் செய்ய வேண்டியிருக்கும். இறகும் உமியும் நாரும் சைலன்சர் அருகில் சேர்ந்தால் தீப்பிடிக்கும்; இன்ஜின் அறையைத் துழாவி எடுத்துவிடுங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று கேபினில் இருக்கட்டும்.

கூலண்டுக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு உள்ளே படிந்து குழாயை அடைக்கும். கூலண்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

மணிக்கணக்கு

வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் அவர் மீட்டர்தான் உங்கள் காலண்டர். புது வண்டியில் முதல் 50 மணியில் இன்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஹைட்ராலிக் பில்டர் மாற வேண்டும். உள்ளே புதிதாகத் தேய்ந்த இரும்புத் துகள் அப்போதுதான் அதிகம் இருக்கும். அதன்பிறகு 250 மணிக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலும் டீசல் பில்டரும், 500 மணிக்கு ஹைட்ராலிக் பில்டர், 1,000 மணிக்கு ஹைட்ராலிக் ஆயிலும் செயின் பெட்டி (சக்கரங்களைச் சுழற்றும் செயின் உள்ள பெட்டி) ஆயிலும் என்பது தூசி நிறைந்த சைட்டுக்குப் பொருந்தும் கணக்கு. உங்கள் மாடலின் கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே பிடியுங்கள். இன்ஜினுக்கு 15டபிள்யூ-40 நம் வெப்பத்துக்குப் பொருந்தும். ஹைட்ராலிக்கில் ஏற்கெனவே உள்ள ஆயிலையே ஊற்றுங்கள், கையில் கிடைத்ததைக் கலக்காதீர்கள். ஊற்றுமுன் மூடியைச் சுற்றித் துடையுங்கள். கடுகளவு மணல் பம்புக்குள் போனால் செலவு லட்சத்தில் போகும்.

ஆயில் லீக்கைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் மிக ஆபத்தானது. இந்தப் பைப்புகளில் 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் ஓடும். கார் டயரில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட 90 மடங்கு. ஊசித் துளையிலிருந்து வரும் பீச்சல் கண்ணுக்குத் தெரியாமலே தோலைத் துளைத்து ஆயிலை உள்ளே ஏற்றிவிடும். ஓர் அட்டைத் துண்டைப் பைப்பு நெடுக நகர்த்துங்கள். லீக் இருந்தால் அட்டையில் ஈரக்கோடு விழும். கையில் பட்டுவிட்டால் முள் குத்தியது போலத்தான் இருக்கும், முதலில் வலிகூட அதிகம் தெரியாது. ஆனாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த ஆயில் ஏறியிருக்கிறது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். சில மணி நேரம் தாமதித்தால் விரலோ கையோ போகலாம்.

கோளாறு எங்கே

கை, பக்கெட் எல்லாமே மந்தமாக இருந்தால் முதலில் ஆயில் அளவு, அடுத்து ஹைட்ராலிக் பில்டர். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. தூக்கி நிறுத்திய கை தானாக இறங்கினால் சைலண்டர் சீலோ வால்வோ தேய்ந்திருக்கிறது. நேராக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? பம்பைக் குறை சொல்லுமுன் டயர் காற்றைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முன்னால் இருந்து ரிவர்ஸ் மாற்றும்போது அடியில் டக்கென்று அடித்தால் உள்ளே செயின் தளர்ந்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் ஏர் பில்டர் அடைப்பு அல்லது அதிகச் சுமை, நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. லிவரைத் தள்ளியும் வண்டி நகராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் பார் முழுதாக இறங்கியிருக்கிறதா, பார்க்கிங் பிரேக் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்தில் வெல்டிங் வேலை இருந்தால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், நெகட்டிவ் முதலில். எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்கு மிக அருகில் மாட்டச் சொல்லுங்கள். மின்சாரம் பின் வழியாகவோ பேரிங் வழியாகவோ ஓடினால் அங்கே பொரிந்துவிடும்.

லாரியில் ஏற்றும்போது

காலி வண்டியின் கனம் பின்னால் என்பதால் ரிவர்சில்தான் ஏற்ற வேண்டும். சாய்தளம் இரண்டு பலகையாக இருந்தால் இரண்டும் டயருக்கு நேராக, லாரியோடு கொக்கி போட்டு நிற்கட்டும். நனைந்த பலகையில் ஏற்றாதீர்கள். லாரியின் பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, லாரியின் பின்முனை அமுங்காமல் முட்டுக் கொடுங்கள். பக்கெட்டைத் தாழ்த்தி, ஒரே வேகத்தில், நடுவில் நிறுத்தாமல், திருப்பாமல் ஏறுங்கள். ஹெல்பர் பக்கவாட்டில் தள்ளி நின்று கை காட்டட்டும். பலகைக்கு நேரே கீழே யாரும் நிற்கக்கூடாது. மேலே போனதும் பக்கெட்டைத் தளத்தில் அழுத்தி வைத்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று கட்டுவதற்காகவே குறியிட்ட துளைகளில் சங்கிலி போட்டு இறுக்குங்கள். கயிறு வேண்டாம். 10 கிலோமீட்டர் போனதும் லாரியை ஓரம்கட்டி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். டயரின் நெகிழ்வால் சங்கிலி தளர்ந்திருக்கும்.